தம்பியின் காலை ஏன் இரண்டு பக்கமும் கிழித்தார்கள்?

கேள்வி: என் தம்பிக்கு வயது 24. மூன்று வாரம் முன்பு இரவு பைக்கில் வரும்போது லாரி உரசி விழுந்துவிட்டான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்தது. வெளியே பெரிய காயம் இல்லை. மாவுக்கட்டு போட்டு, காலையில் ஆபரேஷன் என்றார்கள். இரவு முழுக்க வலியில் கத்தினான். இரண்டு ஊசி போட்டும் அடங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோய், கெண்டைக்காலை இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்துத் திறந்தே விட்டுவிட்டார்கள். கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்றார்கள். அப்புறம் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். இப்போது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. "எலும்பு உடைந்ததற்கு எதற்குச் சதையைக் கிழித்தார்கள், காலைக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள் உறவினர்கள். காலுக்குள் சின்ன சென்சார் வைத்து பிரஷரை போனிலேயே பார்க்கும் கருவி வந்துவிட்டதாக இணையத்தில் படித்தேன். அது இருந்திருந்தால் இந்தக் கிழிப்பே தேவைப்பட்டிருக்காது அல்லவா? பெரிய நகரத்துக்குக் கொண்டுபோகாதது எங்கள் தவறா?
– நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அந்த நேரத்தில் தம்பியை வண்டியில் ஏற்றி இரண்டு மூன்று மணி நேரப் பயணம் போயிருந்தால், பாதத்தைத் தூக்க முடியவில்லை என்று இன்று எழுதியிருக்க மாட்டீர்கள். அதைவிட மோசமான ஒன்றைத்தான் எழுதியிருப்பீர்கள்.

அடுத்தது அந்தக் கருவி. தெர்மாமீட்டர் காய்ச்சலைக் குறைக்காது. அதுபோல, காலுக்குள் வைக்கும் சென்சாரும் அழுத்தத்தைக் காட்டும், குறைக்காது. தசையைச் சுற்றியுள்ள உறையைத் திறந்துவிட்டால்தான் அழுத்தம் இறங்கும். ஃபேசியாடமி என்று சொல்லும் அந்தக் கிழிப்புதான் இதற்கு இருக்கும் ஒரே சிகிச்சை. சென்சார் இருந்திருந்தாலும் கிழித்துத்தான் இருப்பார்கள், ஒருவேளை நான்கு மணிக்குப் பதில் ஒரு மணிக்கே. அந்த மூன்று மணி நேரம் சின்ன விஷயமில்லை, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு அறையையும் சுற்றி வெள்ளையாக, கெட்டியாக ஓர் உறை இருக்கிறது. இழுத்தால் நீளாது. பச்சைப்பயறை முளைகட்டத் துணியில் முடிந்து வைத்திருப்பீர்கள். கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டால் காலையில் பயறு ஊதி, துணி விறைத்து, முடிச்சை அவிழ்க்கவே முடியாது. காலுக்குள் நடப்பதும் அதுதான், கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று சொன்னது இதைத்தான். உடைந்த எலும்பிலிருந்து ரத்தம் கசிகிறது, நசுங்கிய தசை வீங்குகிறது, உறை மட்டும் இம்மியும் விட்டுக்கொடுப்பதில்லை. வெளியே காயம் பெரிதாக இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தோல் கிழிந்திருந்தாலும் இது வரலாம். ஆனால் தோல் மூடியிருக்கும்போது ஆபத்து கண்ணுக்கே தெரியாது. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட ஆண், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு: எங்கள் எலும்பு மருத்துவத் துறையில் இந்த இரண்டும் சேர்ந்தாலே அன்று இரவு எச்சரிக்கையாக இருப்போம். இள வயதில் தசை பருத்திருக்கும், உறைக்குள் வீங்க இடம் குறைவு.

பெரிய ரத்தக்குழாய் இந்த அழுத்தத்துக்கெல்லாம் அசையாது. தசைக்குள் ஓடும், முடியைவிட மெல்லிய தந்துகிகள்தான் முதலில் நசுங்கும். அதனால் பாதத்தில் நாடி துடித்துக்கொண்டே இருக்கும், விரல் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே தசை மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். "நாடி நல்லா ஓடுது, பயம் இல்லை" என்ற ஒரு வரியை நம்பிப் போன கால்கள் நிறைய. நாடி நிற்கும்வரை காத்திருந்தால் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து நிற்போம். ரத்தம் கிடைக்காத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு மீள்வது கஷ்டம். நரம்பு அதற்கும் முன்பே மரத்துப்போக ஆரம்பிக்கும். இந்த ஆறு மணி நேரத்தை விபத்து நடந்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, அழுத்தம் எல்லை தாண்டிய நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். அந்த நிமிடம் எது என்று யாருக்கும் தெரியாது. சிக்கலே அங்கேதான்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்த ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மன் என்ற அறுவை மருத்துவர் 1881லேயே இதன் கடைசிக் கட்டத்தை எழுதிவைத்தார். இறுக்கிக் கட்டிய கட்டுக்குள் தசை செத்து, விரல்கள் கோழிக்கால் மாதிரி சுருண்டுபோவதை அவர் பெயரால்தான் இன்றும் சொல்கிறோம். (இதே மனிதர் இன்னொரு பெயரில் குழந்தைகளுக்கு மாயக் கதைகளும் எழுதியவர்.) நூற்று நாற்பது ஆண்டு ஆகியும் அந்தச் சுருண்ட விரல்கள் என் ஓ.பி.க்கு வருவது நிற்கவில்லை. முழங்கைக்கு மேலே எலும்பு உடைந்த குழந்தைக்கு யாரோ மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். "இரண்டு நாள் அழுதான், மூன்றாம் நாள் அழுகை நின்றது, சரியாகிவிட்டது என்று நினைத்தோம்" என்பார் அம்மா. வலி நின்றது நரம்பு செத்ததால். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை. கட்டு யார் போட்டது என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டும் இதே வேலையைச் செய்யும்.

சரி, அழுத்தத்தை அளப்பது எப்படி? நான் மேற்படிப்பு படித்த காலத்தில் வார்டில் இதற்கென்று கருவி கிடையாது. பாதரச பி.பி. கருவி, ஒரு 20 மில்லி சிரிஞ்ச், மூன்று வழித் திருகு, இரண்டு சலைன் குழாய், ஒரு தடித்த ஊசி. இவற்றைக் கோத்து நாங்களே ஒன்றைச் செய்துகொள்வோம். வைட்சைட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 1975ல் வெளியிட்ட முறை அது. ஊசியைத் தசைக்குள் செலுத்தி, சிரிஞ்சை மெதுவாக அழுத்திக்கொண்டே குழாயில் உள்ள சலைன் விளிம்பைக் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். விளிம்பு காலை நோக்கி ஒரு இழை நகரும் அந்தக் கணத்தில் பாதரசம் எங்கே நிற்கிறதோ அதுதான் தசையின் அழுத்தம். ராத்திரி இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில், "நகர்ந்துச்சா?" "நகரலை சார்" "இப்போ?" என்று கேட்டுக்கொண்டு. கை கொஞ்சம் வேகமாக அழுத்தினாலும் எண் பொய் சொல்லும்.

அப்புறம் கையடக்க டிஜிட்டல் கருவிகள் வந்தன. ஐசியுவில் ரத்தக்குழாய் அழுத்தம் பார்க்கும் டிரான்ஸ்டியூசரையே தசை ஊசியோடு இணைத்து மானிட்டரில் பார்க்கவும் பழகினோம். நீங்கள் படித்த போன் சென்சார் இந்த வரிசையில் புதிது. கனடாவின் மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழக எலும்பு மருத்துவர்களின் முயற்சியில் பிறந்த மை01 அதில் பெயர் தெரிந்த ஒன்று. ஊசி வழியாக ஒரு நுண்ணிய அழுத்த சிப் தசைக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். வெளியே ஒட்டியிருக்கும் சின்னப் பெட்டியில் எண் ஓடிக்கொண்டே இருக்கும், புளூடூத் வழியாக டாக்டரின் போனுக்கும் போகும். சலைன் குழாய் வேண்டாம், கருவியைக் காலின் மட்டத்துக்கு உயரம் சரிபார்க்க வேண்டாம், டார்ச் வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்தது போன் அல்ல, அது தொடர்ந்து அளக்கிறது என்பதுதான். ஒரே ஒரு முறை குத்திப் பார்க்கும் எண்ணை நம்ப முடியாது. 2014ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், காலில் எலும்பு முறிந்து, ஆனால் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் இல்லாதவர்களை ஒரு முறை மட்டும் அளந்து பார்த்தார்கள். நூற்றுக்கு 35 பேருக்கு "ஆபத்து" என்று எண் காட்டியது. அந்த எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பேர் காலையும் வீணாகத் திறந்திருப்பார்கள். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் குத்தினால் எண் ஏறும், தள்ளிக் குத்தினால் இறங்கும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் வேறு வழியில் போனார்கள். மார்கரெட் மெக்வீன் என்ற எலும்பு மருத்துவரின் குழு, கால் எலும்பு முறிந்து வருபவர்களுக்கெல்லாம் குழாய் வைத்துத் தொடர்ந்து அளந்தது. 850 பேரின் கணக்கை 2013ல் வெளியிட்டார்கள். நோய் உள்ளவர்களில் 94 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடித்திருந்தது, இல்லாதவர்களில் 98 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியிருந்தது. அவர்கள் பார்த்தது ஒரு கண நேரத்து எண்ணை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் எண் எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவெடுத்தார்கள்.

எண் என்றால் எந்த எண்? இங்கே இளம் டாக்டர்களே தடுமாறுவதுண்டு. தசையின் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது. பி.பி.யில் கீழே உள்ள எண்ணிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். மிச்சம் 30க்குக் கீழே போனால் ஆபத்து. ஒருவருக்கு பி.பி. 140க்கு 90, தசையில் 40 என்றால் மிச்சம் 50, இன்னும் பொறுத்துப் பார்க்கலாம். விபத்தில் ரத்தம் போய் பி.பி. 90க்கு 50 ஆன இன்னொருவருக்கு அதே 40 என்றால் மிச்சம் 10தான். உடனே தியேட்டர். தசையில் இருப்பது ஒரே எண்தான், ஒரு கால் பிழைக்கும், இன்னொரு கால் சாகும்.

ஊசியே இல்லாமல் பார்க்கும் முயற்சியும் நடக்கிறது. தோல் மேல் ஒரு பட்டையை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளியை உள்ளே அனுப்பி, தசையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று கேட்பது. விரலில் கிளிப் மாட்டிப் பார்க்கிறோமே, அதற்குச் சொந்தக்காரன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உடைந்த காலில் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருந்தால் ஒளி அதைத் தாண்டி ஒழுங்காகப் போகாது. ஆழத்தில் உள்ள பின்புற அறையை எட்டாது. நம் தோலின் கருமையே கணக்கைக் குழப்பும். தசைக்குள் அமிலம் ஏறுவதை அளப்பது, வீங்கிய நீரை மெல்லிய குழாயால் உறிஞ்சுவது என்று இன்னும் சில யோசனைகள் ஆய்வில் இருக்கின்றன. இவற்றை நம்பி ஒருவர் காலைத் திறக்காமல் விடும் துணிச்சல் இன்று எனக்கில்லை.

அப்படியானால் சென்சார் யாருக்கு உண்மையில் வேண்டும்? பேச முடியாதவர்களுக்கு. தலையில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவர், குடித்துவிட்டு விழுந்தவர், முதுகிலோ நரம்பிலோ மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பவர், வலியைச் சொல்லத் தெரியாத சின்னக் குழந்தை. இவர்களுக்கு அது பொன் மாதிரி. உங்கள் தம்பி பேசினான். கத்தினான் என்றே எழுதியிருக்கிறீர்கள். எலும்பை அசையாமல் கட்டிய பிறகும், ஊசி போட்ட பிறகும் வலி ஏறிக்கொண்டே போகிறது என்றால் அதுவே சென்சார்தான். அப்போது செய்ய வேண்டியது, மாவுக்கட்டையும் உள்ளே சுற்றிய பஞ்சையும் தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கு வெட்டிவிட்டு, கால் பெருவிரலை மெதுவாகக் கீழே வளைத்துப் பார்ப்பது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தில் உயிர் போகிற மாதிரி வலித்தால் மேலே யோசிக்கவே வேண்டாம். விரலைத் தொட அரை நிமிடம் ஆகாது, ஒரு ரூபாய் செலவில்லை.

இரண்டு ஊசிகளுக்கும் நடுவில் அங்கே யாராவது கட்டைப் பிரித்துப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஃபேசியாடமி எத்தனை மணிக்குச் செய்தார்கள், உள்ளே தசை என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் குற்றம் சாட்டும் இடத்தில் என்னை நிறுத்திக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், "எலும்பு உடைஞ்சா வலிக்கத்தான் செய்யும், இன்னொரு ஊசி போடுங்க சிஸ்டர்" என்று போனிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தவன் நான். காலையில் போய் அந்தக் காலைத் திறந்தபோது முன்பக்கத் தசை வேகவைத்த இறைச்சி நிறத்தில் இருந்தது. கத்தியின் காம்பால் தட்டினேன், துடிக்கவில்லை. அன்றிலிருந்து என் வார்டில் இரண்டாவது வலி ஊசிக்கு முன் யாராவது நேரில் போய் விரலை வளைத்துப் பார்க்காமல் ஊசி போடக் கூடாது.

ஏன் திறந்தே விட்டார்கள் என்கிறீர்கள். தைத்தால் மறுபடி முடிச்சுப் போட்ட மாதிரிதானே. வீக்கம் வடியும்வரை திறந்துதான் இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத் திரும்ப தியேட்டருக்குக் கொண்டுபோய், செத்த தசை இருந்தால் நீக்கிவிட்டு மெல்ல மூடுவோம். இந்த மூடும் வேலையில்தான் சத்தமில்லாமல் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது. புண்ணில் பஞ்சு மாதிரி நுரையை வைத்து, மேலே ஒட்டுத்தாள் ஒட்டி, மெஷினால் காற்றை உறிஞ்சும் வாக் கட்டு இப்போது மாவட்ட அளவிலேயே கிடைக்கிறது. அது இல்லாத இடத்தில் ரப்பர் இழையை ஷூ லேஸ் மாதிரி இரு ஓரத்திலும் கோத்து, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நெருக்குவோம். பலருக்குத் தோல் ஒட்டே தேவைப்படாமல் மூடிவிடும். தம்பிக்கு இடைவெளி அதிகம் இருந்திருக்கும், ஒட்டியிருக்கிறார்கள். அது யாருடைய கைக்குறையும் அல்ல.

இனி பாதம். தூக்க முடியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: நரம்பு அடிபட்டிருக்கலாம், அல்லது முன்பக்கத் தசையே போயிருக்கலாம். நரம்பு என்றால் காத்திருக்கலாம். வளர வேண்டிய நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் நகரும், மாதக்கணக்கு ஆகும். தசை செத்திருந்தால் காத்திருந்து பயனில்லை. இ.எம்.ஜி. என்ற பரிசோதனை இரண்டில் எது என்று காட்டும். காயம் நடந்து மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு எடுத்தால்தான் தெளிவாகத் தெரியும், ஆக உங்களுக்கு இப்போதுதான் நேரம் வருகிறது. மீளாவிட்டாலும் வழி இருக்கிறது. உட்பக்கத் தசைநார் ஒன்றை முன்னால் மாற்றிக் கட்டிப் பாதத்தைத் தூக்கவைக்கலாம். தொழுநோயால் பாதம் தொங்கிப்போனவர்களுக்கு வேலூர்ப் பக்கத்தில் பல பத்தாண்டுகளாகச் செய்துவரும் ஆபரேஷன் அது, தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த உட்பக்கத் தசை ஆழத்துப் பின்னறையில் இருப்பது. அது உயிரோடு இருந்தால்தான் முடியும். நான்கு மணிக்கு இரண்டு பக்கமும் கிழித்து நான்கு அறைகளையும் திறந்தது எதற்கு என்று உறவினர்கள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அதுவரை விடக் கூடாதது ஒன்று உண்டு: குதிகால் தசைநார் இறுகிவிடக் கூடாது. இறுகினால் பிறகு தசை மீண்டாலும் பாதம் மேலே வராது. ஒரு துண்டைப் பாதத்துக்கடியில் கொடுத்து, முழங்காலை நீட்டியபடி தம்பியே தன் பக்கம் இழுத்துப் பிடிக்கட்டும், தினம் நான்கைந்து தடவை. விரல்களையும் கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிடுங்கள், அவைதான் முதலில் சுருளும். ஒட்டிய தோல் பிடித்துவிட்டதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பாதத்தை நேராக நிறுத்தும் ஸ்பிளின்ட்டைப் பலர் பகலில் நடக்கும்போது மட்டும் மாட்டிவிட்டு இரவில் கழற்றிவிடுவார்கள், அது தவறு. இரவில்தான் பாதம் அதிகம் தொங்கும். போர்வையின் கனமே அதைக் கீழே அழுத்தும். கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, போர்வையை அதன் மேல் போட்டுவிடுங்கள்.

இ.எம்.ஜி. எடுத்ததும் அதன் முடிவையும், பெருவிரல் நுனி நூலளவாவது அசைகிறதா என்பதையும் எழுதுங்கள்.